வெள்ளை இடிக்கு ஒரு பெயர்

"அண்ணே, மாப்பிள்ளை முறுக்கு நூறு பெட்டி ஏத்தி விடுங்கண்ணே. லைன் சரியா கேக்கலயா? மாப்பிள்ளை முறுக்கு."

காதில் போன் இல்லாமலே வெளியூர் வியாபாரியாகக் கத்துகிறான் செல்வக்குமார். நாரணாபுரம் சாலை டீக்கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்து முன்பல் விழுந்த பிள்ளையாகி, "அப்பா, மாப்பிய்ய முடுக்கு வேணும்" என்று சிணுங்குகிறான். மூன்றாவதாக, பெயரைப் பாதி மறந்த வாடிக்கையாளராகி, விரலை வட்டமாகச் சுற்றி, "அதாங்க, வெடுக்வெடுக்குனு முறுக்கிக்கிட்டுத் திரியுமே, அது" என்று இழுக்கிறான். மூன்றும் தேறினால் அந்தப் பெயர் பெட்டியில் ஏறும். தேறாவிட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

பட்டாசுகளுக்குப் பெயர் வைப்பது அவன் வேலை. கம்பெனிப் பதிவேட்டில் ‘லேபிள் செக்ஷன்’ என்றுதான் இருக்கும். பத்தொன்பது வயதில் அங்கே லேபிள் ஒட்டப் போனவன். ஒருநாள் பெயர் கிடைக்காமல் கிடந்த ஒரு புஸ்வாணத்துக்கு, பசை காய்கிற இடைவேளையில், "சித்திரை வெயில்னு போடுங்களேன்" என்றான். முதலாளி அதையே போட்டார். அது ஆயிற்று இருபத்தேழு வருடம். கோபக்கார அத்தை, சில்லறைச் சிரிப்பு, மாப்பிள்ளை முறுக்கு என்று இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். எந்தப் பெட்டியிலும் அவன் பெயர் இருக்காது. பீரோவில் வேல்விழியின் பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒவ்வொரு லேபிளிலும் ஒன்று பத்திரமாக இருக்கிறது.

இத்தனை வைத்தவன் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தியதில்லை. தீபாவளி அன்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு டிவி பார்ப்பான். கம்பெனியில் புது ஐட்டம் வெடித்துப் பார்க்கிற நாளிலும் அதே பஞ்சுதான். காரணம் கேட்டால், "காதுல சளி" என்பான். வெடிவிபத்துகளைப் பார்த்த அந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவனிடம் குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பொறாமையைச் சொல்லலாம். பணக்காரர்கள் மேல் வராது. அழகானவர்கள் மேல் வராது. பெயர் வைக்கிறவர்கள் மேல்தான் வரும். புயலுக்குப் பெயர் வைக்கிற அதிகாரிகளை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரியும். "ஒரே ஒரு புயலை எங்கிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லு" என்பான். தரையில் சுற்றுகிற சக்கரத்துக்குச் சங்குசக்கரம் என்று பெயர் வைத்தவன் யாரென்று தெரியாதது ஒருவகையில் நல்லது. தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பான். சொந்த மகளுக்கு நாற்பது நாள் யோசித்தும் பெயர் வராமல், கடைசியில் மாமியார் பொறுமையிழந்து ரோஜா என்று வைத்துவிட்டார். மகள் இப்போது விருதுநகரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். மாமியாரை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

மனைவி வேல்விழிக்குப் பட்டாசில் வேலை இல்லை. டவுனில், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டச்சு செய்து கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் ஒரு வருடமாகப் பழைய கிரேக்க மொழி அகராதியை அடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் முதல் எழுத்தே முடியவில்லை. கிரேக்கம் தெரியாது. எழுத்துக் கூட்டத் தெரியும், பக்கத்தில் இங்கிலீஷில் இருக்கிற பொருள் புரியும். தவறு வராமல் இருக்க ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, மாறுகிற இடத்தைச் சிவப்பில் காட்டும். வேல்விழி சொன்ன இந்த விவரத்தைக் கேட்டு எல்லாக் கணவன்மாரும் கொட்டாவி விட்டிருப்பார்கள். செல்வக்குமார், "அந்த இன்னொரு ஆளு யாரு?" என்று கேட்டான்.

"யாருன்னு சொல்ல மாட்டாக. பாத்து அடிச்சிரக் கூடாதுல்ல."

தன் மனைவி அடிக்கிற அதே சொற்களை அதே நேரத்தில் வேறொருவன் அடிக்கிறான் என்பது ஒரு வாரம் அவனைத் தூங்க விடவில்லை. அது ஆணா பெண்ணா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் காபியும் ஒரு தட்டுக் காராச்சேவுமாக உட்காரும்போது, வேல்விழி அன்று கண்ட சொல்லில் ஒன்றைச் சொல்வாள். புயலைப் பாதமாக உடையவள் என்பதற்கு ஒரே சொல். கடலின் கருஞ்சிவப்புக்கு ஒரே சொல். செல்வக்குமார் "ம்" என்பான். உள்ளுக்குள் கொதிக்கும். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் இப்படிச் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறான், நாம் ஒரு புஸ்வாணத்துக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறோமே என்றிருக்கும். ஆனாலும் ஆறு மணி எப்போது வரும் என்று காத்திருப்பான்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் அவள் சொன்ன சொல் அர்கிகெரௌனோஸ்.

"அர்கின்னா வெள்ளை, பளபளப்பு. கெரௌனோஸ்னா இடி. வெளேர்னு மின்னுற இடியக் கையில வச்சிருக்கிறவன்னு அர்த்தம். வானத்துக்கு ராசாவா ஒரு சாமி அவுகளுக்கு. அவருக்கு மட்டுந்தான் இந்தச் சொல்லு. வேற யாருக்கும் கெடையாது."

அகராதியில் அதற்கு நான்கைந்து வரிதான் இடம். வேல்விழி அதோடு விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடி, அந்த ஊர்ப் பழைய போர்ப்பாட்டு ஒன்றில் சொல் வருகிற மூன்று இடங்களையும் இங்கிலீஷில் படித்திருக்கிறாள்.

"மூணுலயும் நேருக்கு நேரா நின்னு கூப்பிடுறதுதான். கூப்பிடும்போது அர்கிகெரௌனேன்னு வரும், நம்ம ராசனேன்னு சொல்றாப்ல. ஒரு தடவ பொண்டாட்டி கூப்பிடுதா. ஒரு தடவ தம்பி. ஒரு தடவ மக. அந்தக் கதையில வெளியாளு ஒருத்தரும் கூப்பிடல."

"பொண்டாட்டி எதுக்குக் கூப்பிட்டா?"

"ஒரு விசயத்துல அவரை ஏமாத்திப்புட்டு, அதச் சொல்லத்தான்."

"எதுக்கு ஏமாத்துனா?"

"பொறாமைதான். வேற என்ன."

செல்வக்குமார் சேவை மென்றபடி சிரித்தான். சாமி வீட்டிலும் அது உண்டு என்பதில் அவனுக்குத் திருப்தி. அன்றைக்கு அந்தச் சொல்லின்மேல் அவனுக்குப் பகை வரவில்லை. வீட்டு ஆட்கள் மட்டும் கூப்பிடுகிற சொல். வேல்விழி அதை அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். காராச்சேவுத் தட்டோடு அது தன் வீட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வருடம் கம்பெனியின் பெரிய ஐட்டம் போர்மேன் முனியராஜ் செய்தது. முப்பத்தைந்து வயது, சிரித்த முகம், கை வைத்தால் எதுவும் நமுத்துப்போகாது என்று பெயர். வானத்தில் போய் வண்ணமே இல்லாமல் வெள்ளையாக விரிந்து, விரிந்த பிறகு இடிக்கிற ஒரு ஷாட். ஆடிப்பெருக்கு அன்று புது ஐட்டங்களுக்குப் பூஜை. அதற்குள் பெட்டி வந்தாக வேண்டும். செல்வக்குமாருக்கு மூன்று வாரமாகப் பெயர் வரவில்லை. வெள்ளி மழை, வெள்ளிப் பூ, வெள்ளி ரதம். டீக்கடையில் மூன்று குரலிலும் சொல்லிப் பார்த்தான். எல்லாம் ஏற்கெனவே யாரோ வைத்தது போலவே இருந்தது. சென்னையில் பெயர் வைத்துத் தருகிற கம்பெனிகள் இருக்காமே என்று முதலாளி ஒருநாள் பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொன்னதுதான் சுட்டது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனியின் தரிசு நிலத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் வெடித்துப் பார்த்தார்கள். குடும்பங்களையும் வரச் சொல்லியிருந்தார் முதலாளி. செல்வக்குமார் வழக்கம்போலக் காதை அடைத்துக்கொண்டு வேன் ஓரமாக நின்றான். ஷாட் ஏறியது. வானம் சுண்ணாம்பு அடித்த சுவராக ஒரு கணம் வெளுத்தது. காதை அடைத்திருந்தும் நெஞ்சில் அதிர்ந்தது. வானத்திலிருந்து பார்வையை இறக்கியபோது, இருபதடி தள்ளி வேல்விழி முனியராஜைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அந்தச் சொல்லைச் சொல்வதை அவன் பார்த்தான். அந்த உதட்டசைவு அவனுக்கு அடையாளம் தெரியும். முனியராஜ் மறுபடி கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். கையை வானத்துக்குக் காட்டி என்னவோ விளக்கினாள். அவன் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். முதலாளியும் பக்கத்தில் வந்து தலையாட்டினார்.

பஞ்சை எடுத்துவிட்டு அவன் போய்ச் சேர்வதற்குள் பேச்சு முடிந்திருந்தது. "செல்வம், அந்தப் பேரையே போட்டிருவோம்" என்றார் முதலாளி. "சரிங்க மொதலாளி" என்று சொல்லி, கையிலிருந்த பஞ்சைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

பைக்கில் திரும்பி வரும்போது வேல்விழி பின்னாலிருந்து, "அங்கன நான் என்ன சொன்னேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றான். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அந்த வீட்டில் காபி மட்டும்தான். அவள் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. தனக்கு வைக்கத் துப்பில்லாத பெயரை அவள் வைத்துவிட்டாள் என்பது ஒரு எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல், வீட்டு ஆள் மட்டும் கூப்பிட வேண்டிய சொல்லை எடுத்து முனியராஜுக்குக் கொடுத்தது. நேருக்கு நேராக நின்று கொடுத்தது. இருநூற்றுப் பதினான்கில் ஒன்றைக்கூட அவள் இப்படிக் கை காட்டிச் சொன்னதில்லை என்று நினைவுக்கு வந்தது. லேபிள்களைப் பீரோவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். கோபக்கார அத்தை அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. டீக்கடையில் அந்தப் பெயர் தோற்றுவிடும். வேண்டுமென்றே குழறி, வியாபாரிக் குரலில் கத்திப் பார்த்தான். டீ மாஸ்டர் இருளாண்டி பாலை ஆற்றியபடி, "அர்கிகெரௌனோஸ்" என்று சுத்தமாகத் திருப்பிச் சொன்னார். "எந்தூரு சாமிப்பா? கெடா வெட்டு உண்டா?" செல்வக்குமார் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தான்.

அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தான். பெட்டி லேபிள்களை ஒரே பெரிய தாளில் ஆறாகச் சேர்த்து அடிப்பார்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் வரும் என்று அச்சகத்துக்கு எழுதிக் கொடுப்பவன் செல்வக்குமார். அந்தத் தாளில் வெள்ளை ஷாட்டும் இருந்தது, பாம்பு மாத்திரையும் இருந்தது. வெளிச்சமும் கிடையாது, சத்தமும் கிடையாது. கொளுத்தினால் கறுப்பாக நெளிந்து புகைந்து தரையை அசிங்கப்படுத்துகிற சமாச்சாரம். வெள்ளை ஷாட்டுக்கு வெள்ளி மழை என்று எழுதினான். பாம்பு மாத்திரைக்கு நேரே, நிறுத்தி நிதானமாக, அர்கிகெரௌனோஸ் என்று எழுதினான். கேட்டால் சீட்டு மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் பதினொரு நாளில் முதல்முறையாகப் பசித்தது.

மறுநாள் அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கமாலுதீன் பாய் ஈரம் காயாத தாள் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கையெழுத்துப் போடு. ஆனா ஒண்ணு கேக்கணும். பாம்பு மாத்திரைக்கா இந்தப் பேரு?"

"எழுதினபடி அடிங்க பாய்."

"இல்லப்பா, ஒங்க மொதலாளி நேத்து போன்ல அம்புட்டுப் பெருமையாச் சொன்னாரு. செல்வம் மூணு வாரமா உள்ளுக்குள்ளயே ஒரு பேரை வச்சுக்கிட்டு வெளிய சொல்லாம இருந்திருக்கான், அவன் வீட்டம்மா வாயத் தொறந்ததாலதான் தெரிஞ்சுதுன்னு. ‘இது எங்க வீட்டுக்காரர் வச்சிருக்க பேரு, சொல்லக் கூச்சப்படுறாரு’ன்னு அது சொல்லிச்சாமே. அம்புட்டு ஆசையா வச்ச பேரைப் போயி..."

மிஷின் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை. கேட்டது போதும். செல்வக்குமார் ஓடிப்போய் மிஷின்காரரிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மிஷின் நிற்பதற்குள் நானூறு தாள் ஓடியிருந்தது. நானூறு தாளிலும் வானத்து ராசா பாம்பு மாத்திரைப் பெட்டிமேல் நான்கு கலரில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆறு மணிக் காபிக்கு நடுவில் விரித்து வைத்தான். வேல்விழி கட்டம் கட்டமாகப் படித்தாள். நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கை மாறிப்போச்சா?"

"இல்ல. நாந்தான் மாத்துனேன். நீ முனியராஜுக்குக் குடுத்திட்டேன்னு நெனச்சேன்."

"எல்லாம் கேட்டுச்சுன்னு சொன்னீக?"

"பஞ்சு வச்சிருந்தேன்."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "கேட்டுட்டுத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீகன்னு நெனச்சேன். ஒங்க பேரச் சொன்னதுக்குக் கோவம்னு நெனச்சேன். மூணு வாரமாப் பேரு வரலன்னு தூக்கத்துலயும் பொலம்புனீக. மெட்ராசுல கேட்டுருவாகளோன்னு எனக்கு இருந்துச்சு. அதான் வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்." பிறகு தாளைத் திருப்பி மடித்தாள். "ஆனா ஒண்ணு. சும்மா ஒரு பேரா இருந்தா அடிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பீக. ரொம்பப் பிடிச்சதத்தான் இப்படிப் பாம்பு மாத்திரையில ஏத்தணும்னு தோணும்."

அடுத்த நாள் சரியான தாளே அச்சானது. கெட்டுப்போன நானூறுக்கு முதலாளியிடம் நின்று ஏச்சு வாங்கினான். ஏன் மாறியது என்று மட்டும் சொல்லவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று காலை கம்பெனி ஹாலில் மேஜைமேல் மஞ்சள் துணி விரித்துப் புதுப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெயர் வைத்தவர்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இருபத்தேழு வருடமாக அந்தக் கிண்ணம் செல்வக்குமார் கையில்தான். ஆண்கள் ஒரு பக்கம், வேல்விழியோடு பெண்கள் ஒரு பக்கம். சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவனின் காதருகில் முனியராஜ் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, இருநூத்திச் சொச்சம் பேரு வச்சிருக்கீக. இந்த ஒண்ணப் பாத்த பெறகு, மத்ததெல்லாம் பளகிப் பாக்க வச்சது மாதிரி இருக்கு."

நல்ல மனதோடு சொன்னதுதான். செல்வக்குமாருக்குக் குத்தியது. மூன்று வாரம் மனதுக்குள் ஒரு பெயரைப் பொத்தி வைத்திருந்ததாக ஊரே நம்புகிற அந்தச் செல்வக்குமாரை அவன் பார்த்ததே இல்லை. தன் பெயரிலேயே திரிகிற அந்த ஆள்மேல் அவனுக்கு இதுவரை யார்மேலும் வராத பொறாமை வந்தது. சும்மா இருந்தால் போதும், அந்த ஆளாகவே ஆயுசுக்கும் இருந்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. வேல்விழியும் சொல்ல மாட்டாள். ஆனால் இனி வைக்கிற ஒவ்வொரு பெயரையும் இதோடு சேர்த்துத்தான் நிறுப்பார்கள், அது அவனுக்குத் தெரியும். அவள் தினமும் ஆறு மணிக்குக் காபியோடு எதிரே உட்கார்வாள், அதுவும் தெரியும்.

பாம்பு மாத்திரைக்குச் சந்தனம் வைத்தான். அடுத்தது வெள்ளைப் பெட்டி. நீட்டிய விரல் நின்றது.

"மொதலாளி, இது நான் வச்ச பேரு இல்ல" என்றான். "வேல்விழி வச்சது."

பொது இடத்தில் இதுவரை ‘எங்க வீட்ல’ என்றுதான் சொல்லியிருக்கிறான். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முதலாளி செல்வக்குமாரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப, கிண்ணத்த அது கையில குடு" என்றார். வேல்விழி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை வாங்கி, விரல் நுனியால் தொட்டு, பெட்டியின் நடுவில் அந்த நீளமான பெயருக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள்.

"யக்கா," என்று முனியராஜ் நாலு எட்டு முன்னால் வந்தான், "அன்னைக்கு அர்த்தம் சொன்னீகளே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."

செல்வக்குமார் நகர்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.